உறவில்லாதவன் போல

நவாஹோ மக்களின் படைப்புக் கதையில் உலகத்தின் முதல் குடும்பச் சண்டை ஒரு மான்கறி விருந்தில் தொடங்குகிறது. ஆதி ஆண் வேட்டைக்குப் போய் நல்ல கொழுத்த மானாகக் கொண்டுவருகிறான். ஆதி பெண் சமைக்கிறாள். இருவரும் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்கிறாள். நன்றி போய்ச் சேர்வது வேட்டையாடியவனுக்கு அல்ல, அவளுடைய பெண்ணுடலுக்கு. கணவனுக்குச் சுருக்கென்கிறது. காடு மேடெல்லாம் அலைந்து கொன்று கொண்டுவந்தது யார் என்று கேட்கிறான். இந்த உடல் இல்லாவிட்டால் நீங்கள் ஒருவரும் வேட்டைக்கே போகமாட்டீர்களே என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். பேச்சு தடிக்கிறது. அவன் எழுந்து போய் ஊரிலிருக்கும் ஆண்கள் அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விடுகிறான்.

நான்கு ஆண்டுகள் ஆண்கள் அக்கரையில், பெண்கள் இக்கரையில். முதல் ஆண்டு பெண்களுக்குச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போகிறது. பிறகு வயல் சுருங்குகிறது, பசி வருகிறது. அக்கரைக்கு நீந்திவிடலாம் என்று குதித்த சிலர் வெள்ளத்தோடு போகிறார்கள். உடலின் தவிப்பை இரு கரையிலும் இருந்தவர்கள் தகாத வழிகளில் தணித்துக்கொள்கிறார்கள். கடைசியில் ஆணும் பெண்ணும் சமாதானமாகி ஒரே கரைக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பிரிவுக் காலத்தில் கருவானவை அரக்கர்களாகப் பிறந்து மனிதர்களைத் தின்னத் தொடங்குகின்றன.

கதையில் ஒரு நெருடல் உண்டு. தவறு இரு கரையிலும் நடந்தது; அரக்கர்களைப் பெற்றவர்கள் என்ற பழி மட்டும் பெண்கள் மேல். பசியில் வாடி இறங்கி வந்தவர்களும் பெண்கள்தான். இந்தக் கதையை முதலில் விரிவாக எழுதி 1897-இல் வெளியிட்டவர் வாஷிங்டன் மேத்யூஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். அவருக்குச் சொன்னவர்கள் சடங்குப் பாடகர்களான ஆண்கள். உடல் சம்பந்தப்பட்ட இடங்களை மேத்யூஸ் அக்காலத்து நாகரிகத்துக்கு ஏற்றபடி பூசி மெழுகினார். 1984-இல் பால் சோல்ப்ராட் தன் பதிப்பில் அவற்றைத் திரும்பச் சேர்த்தார். ஆக, பெண்ணின் வாயிலிருந்து வந்த அந்தத் துடுக்கான நன்றியே அச்சில் முழுசாக வர ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின.

இதெல்லாம் பழங்கதைதானே என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடக்கும் நவாஹோ நாட்டில், அடிபட்ட மனைவியும் அடித்த கணவனும் எதிரெதிரே உட்காரும் அறையில் இந்தக் கதை இன்றும் சொல்லப்படக்கூடியது. அதுவும் நீதிமன்றத்தின் ஏற்பாட்டிலேயே. 1982-இல் நவாஹோ நீதித்துறை, மரபுவழிச் சமாதானப் பேச்சைத் தன் அமைப்பின் ஒரு கிளையாகவே சேர்த்துக்கொண்டது. வீட்டுக்குள் கை நீட்டப்படும்போது சமயம் என்ன சொல்ல வேண்டும்: அவனைத் தண்டி என்றா, இருவரையும் சேர்த்து வை என்றா? பல மதங்களில் புத்தகத்தோடு நின்றுபோகும் இந்தக் கேள்விக்கு, அங்கே வழக்கு எண் உண்டு.

நவாஹோ சமயத்தின் மையத்தில் இருப்பது ஹோஜோ. அழகு, ஒழுங்கு, நலம், இசைவு எல்லாம் அதற்குள் அடக்கம். நோய், வறட்சி, பகை, பைத்தியம் எதுவானாலும் ஹோஜோ குலைந்ததன் அறிகுறி. பாடகர் வந்து சில சமயம் ஒன்பது இரவுகள் வரை சடங்கு நடத்தி அதை மீட்கிறார். குற்றமும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. திருடியவனையும் அடித்தவனையும் கெட்டவன் என்று ஒதுக்குவதைவிட, அவன் எப்படி இசைவு தவறினான், எப்படித் திரும்ப வருவான் என்று கேட்பது இந்த மரபின் இயல்பு. அரக்கர்கள் என்ற சொல்லையே இன்றைய நவாஹோ நீதிபதிகள் குடிப்பழக்கத்துக்கும் குடும்ப வன்முறைக்கும் பயன்படுத்துகிறார்கள்: நல்வாழ்வின் வழியை மறித்து நிற்பது எதுவோ அது அரக்கன்.

1992 முதல் 2003 வரை நவாஹோ தலைமை நீதிபதியாக இருந்த ராபர்ட் யாசி, இதை வெளியுலகத்துக்கு விளக்கியவர்களில் முக்கியமானவர். மேற்கத்திய நீதி செங்குத்தானது என்பார் அவர். மேலே நீதிபதி, கீழே கட்சிக்காரர்கள். தீர்ப்பு மேலிருந்து விழுகிறது. நவாஹோ நீதி கிடையானது. யாரும் யாருக்கும் மேலில்லை. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒருவர் மற்றவரை அடித்துக்கொண்டிருக்கும் வீட்டில் இருவரும் ஒரே மட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

இதற்கு நவாஹோ மரபு வைத்திருக்கும் பதில் உறவுமுறை. ஒரு நவாஹோ தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது பெயரோடு நிற்பதில்லை. தாயின் குலம் முதலில், பிறகு தகப்பனின் குலம், தாயைப் பெற்ற தாத்தாவின் குலம், தகப்பனைப் பெற்ற தாத்தாவின் குலம் என்று நான்கையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் எதிரில் இருப்பவர் அவரை அண்ணன் என்று அழைப்பதா, மருமகன் என்று அழைப்பதா என்று தெரியும். முறை தெரிந்தால் கடமையும் தெரியும். இந்தப் பின்னலுக்குக் கே என்று பெயர். கெட்ட காரியம் செய்தவனைப் பற்றி அங்கே வழங்கும் கடுமையான பேச்சு, அவன் உறவே இல்லாதவன் போல நடக்கிறான் என்பது. அயோக்கியன், பாவி என்பதெல்லாம் இதற்கு முன் சப்பென்று இருக்கும். கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில்தான் ஒருவன் அடிக்கிறான் என்ற கணிப்பு அதில் இருக்கிறது.

பழைய குடும்ப அமைப்பில் கேட்க ஆள் இருந்தார்கள். குலம் தாய்வழி. திருமணமானால் ஆண்தான் பெண் வீட்டுப் பக்கம் போக வேண்டும். ஹோகன் என்ற எண்கோண மண்வீடு மனைவியுடையது. அக்கம்பக்கத்து ஹோகன்களில் அவளுடைய தாய், தங்கைகள், அவர்கள் பிள்ளைகள். மருமகன் மாமியாரை ஏறிட்டுப் பார்த்தால் கண் போய்விடும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. இருவரும் எதிரெதிரே வராமல் ஒதுங்கிப் போவார்கள். (நம் ஊர் மருமகன்கள் சிலருக்கு இந்த வழக்கம் பிடித்துப்போகலாம்.) பிடிக்காத கணவனை அனுப்பிவிடுவதற்கு வழக்குமன்றம் வேண்டியதில்லை, அவனுடைய குதிரைச் சேணத்தை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தால் போதும் என்று நவாஹோக்கள் சொல்வார்கள்.

சிறுமி பருவமடைந்தால் நடக்கும் கினால்டா சடங்கையும் இங்கே பார்க்க வேண்டும். நான்கு நாட்கள். தினமும் கிழக்கு நோக்கி ஓடுகிறாள், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்ச தூரம். மூத்த பெண் ஒருத்தி அவளைப் படுக்கவைத்து, கைகால்களை நீவி உருப்படுத்துகிறாள். சிறுமி மக்காச்சோளம் அரைக்கிறாள். தரையில் வட்டமாகக் குழி வெட்டி, நெருப்பு மூட்டிச் சூடாக்கி, சாம்பலை வாரிவிட்டு, சோளத் தோகைகளை அடியில் பரப்பி மாவுக் கரைசலை ஊற்றுகிறார்கள். மேலே மறுபடி தோகை, மண், அதன்மேல் இரவெல்லாம் நெருப்பு. ஹோகனுக்குள்ளே பாட்டு ஓயாமல் நடக்கிறது. விடிந்ததும் தோண்டி எடுத்து வெட்டி ஊருக்கெல்லாம் கொடுக்கிறாள். தான் மட்டும் சாப்பிடுவதில்லை. அந்த நாட்களில் அவள் மாறும் மங்கை. பருவங்களோடு மூத்து மறுபடி இளையவளாகும் தெய்வம் அவள் உடலில் நிற்பதாக நம்பிக்கை.

இப்படி ஒரு சடங்கும் இப்படி ஒரு வீட்டமைப்பும் உள்ள சமூகத்தில் மனைவியை அடிப்பது எங்கிருந்து வந்தது? நவாஹோ நீதிமன்றங்களின் சட்ட ஆலோசகராக இருந்த ஜேம்ஸ் சயனும் எல்சி சயனும் 1993-இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று இதற்குப் பதில் சொல்லப் பார்த்தது. மணமக்களுக்குச் சொல்லும் வாழ்த்தையே அதற்குத் தலைப்பாக வைத்தார்கள்: நல்லபடியாகச் சேர்ந்திருங்கள். பழைய நவாஹோ வாழ்வில் பெண்ணுக்குப் பாதுகாப்பு இருந்தது, அமெரிக்க ஆட்சி அதை உடைத்தது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

பாதி உண்மை அதில் நிச்சயம் உண்டு. 1864-இல் ராணுவம் நவாஹோக்களை நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திச் சென்று நியூ மெக்சிகோவின் பாஸ்கே ரெடோண்டோவில் அடைத்தது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். 1923-இல் எண்ணெய்க் குத்தகைகளில் கையெழுத்துப் போட ஒரு சபை தேவைப்பட்டது. வாஷிங்டன் அமைத்துக்கொடுத்த அந்தச் சபையில் ஒரு பெண்கூட இல்லை. 1930-களில் வந்தது ஆடு குறைப்பு. மேய்ச்சலால் மண் அரித்து ஹூவர் அணையில் வண்டல் சேரும் என்று பயந்த அரசாங்கம், மந்தைகளை ஏறக்குறைய பாதியாக்கியது. முதலில் போனவை வெள்ளாடுகள். வாங்கி ஓட்டிச்செல்லக்கூட வசதியில்லாத இடங்களில் அங்கேயே சுட்டு அழுகவிட்டார்கள். அந்த ஆடுகளில் பெரும்பங்கு பெண்களின் சொத்து. பால், இறைச்சி, நெசவுக்குக் கம்பளி, வீட்டில் சொல்லுக்கு ஒரு மரியாதை எல்லாம் அவற்றிலிருந்து வந்தவை. பிறகு கொடுக்கப்பட்ட மேய்ச்சல் அனுமதிச் சீட்டுகள் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்கள் கைக்குப் போயின. வரலாற்றாசிரியர் மார்ஷா வைசிகர் 2009-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையைப் பெண்கள் பக்கம் நின்று சொல்லியிருக்கிறார். அதற்கும் பின்னால் கூலி வேலை, அரசு கட்டித்தந்த வரிசை வீடுகள். தாயும் தங்கையும் கூப்பிடு தூரத்தில் இருந்த பெண், சுவர்களுக்கு நடுவே கணவனோடு தனியானாள்.

மறுபாதி சந்தேகத்துக்குரியது. வெள்ளையன் வருமுன் வீடு சொர்க்கமாக இருந்தது என்று படைப்புக் கதையே சொல்லவில்லை. அது முதல் தம்பதியின் சண்டையை மறைக்காமல் வைத்திருக்கிறது. அந்தச் சண்டையிலிருந்து அரக்கர்கள் பிறந்தார்கள் என்று வேறு சொல்கிறது. மரபைக் காப்பாற்ற வருபவர்கள் அதைவிட அப்பாவியாக மரபைக் காட்ட வேண்டிய அவசியம் என்ன?

சமாதான அறைக்கு வருவோம். ஊராட்சி அமைப்பான சாப்டர் தேர்ந்தெடுத்த ஒரு மூத்தவர் நடுவே இருக்கிறார், நாட்டானி என்பார்கள். ஜெபத்தோடு தொடங்குகிறது. இரு தரப்பு உறவினரும் வந்திருப்பார்கள், சில சமயம் தூரத்துக் குலத்தாரும். எல்லோருக்கும் பேச உரிமை. கண்ணீர், கத்தல், பழைய கணக்கு எல்லாம் வெளியே வரலாம். நாட்டானி நடுநிலையாளர் அல்லர். இரு பக்கமும் உறவுடையவராகக்கூட இருக்கலாம், அது குறையாக எண்ணப்படுவதில்லை. படைப்புக் கதைகளை எடுத்துச் சொல்லி நல்லது கெட்டது இடித்துரைப்பது அவர் வேலை. அடித்தவன் வழக்கமாகச் சொல்லும் சாக்குகள் அங்கேயும் வரும்: நான் அடிக்கவில்லை, அடித்தாலும் லேசாகத்தான், குடிபோதையில் தெரியவில்லை, அவள்தான் வாயைக் கொடுத்தாள். நீதிமன்றத்தில் இவற்றை உடைக்க வழக்கறிஞர் வேண்டும். இங்கே அவனுடைய அக்காவே போதும். போன வருஷமும் இதைத்தானே சொன்னாய் என்று அவள் கேட்டுவிட்டால் அதற்கு மேல் மறுப்பது கஷ்டம்.

பேச்சு முடிகிற இடத்தில் நால்யே வருகிறது. ஈடு என்று வைத்துக்கொள்ளலாம். குதிரை, மாடு, நகை, பணம், உழைப்பு எதுவாகவும் இருக்கலாம். அளவுக்குச் சூத்திரம் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு மனக்குறை நிற்காத அளவு இருக்க வேண்டும். கொடுக்க வேண்டியவன் அவன் மட்டும் இல்லை, அவன் சுற்றமும் சேர்த்து. இதில்தான் இந்த ஏற்பாட்டின் முழுப் பலமும் இருக்கிறது. தங்கள் மாட்டை ஓட்டிக் கொடுத்த மாமனும் சித்தப்பனும் அடுத்த முறை அவன் கை ஓங்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். சிறை ஒருவனைப் பூட்டிவைக்கிறது. நால்யே அவனைச் சுற்றியுள்ள இருபது பேருக்குக் காவல் வேலை கொடுக்கிறது. ஈடும் சுற்றத்தின் பொறுப்பும் கழன்றுபோய் ஜெபமும் பேச்சும் மட்டும் மிஞ்சினால், ஹோஜோவின் செலவு முழுவதும் அந்தப் பெண் தலையில் விழும். அவள் மன்னிக்க வேண்டும், அவள் திரும்பிப் போக வேண்டும், அவள் வாயைக் கட்ட வேண்டும்.

இந்த ஈடு என்ற எண்ணமே வாஷிங்டனுக்குப் பிடிக்காத விஷயம். 1881-இல் லகோட்டா மக்களிடையே காகநாய் என்பவர் புள்ளிவால் என்ற தலைவரைச் சுட்டுக்கொன்றார். இரு குடும்பங்களும் பேசி 600 டாலர், 8 குதிரை, ஒரு கம்பளி என்று தீர்த்துக்கொண்டன. வெளியில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. மாவட்ட நீதிமன்றம் தூக்கு விதித்தது. 1883-இல் உச்ச நீதிமன்றம், இது பழங்குடிகளின் உள்விவகாரம் என்று அவரை விடுவித்தது. கொலைக்குக் குதிரையா என்று கொதித்த நாடாளுமன்றம் 1885-இல் பெருங்குற்றங்கள் சட்டத்தை இயற்றி, கொலை முதலிய வழக்குகளைக் கூட்டரசின் கைக்கு மாற்றிக்கொண்டது. நாகரிகமான நீதி என்றால் கம்பிதான் என்ற முடிவு அப்போதே எடுக்கப்பட்டுவிட்டது.

பெண்கள் தரப்பிலிருந்து வந்த எதிர்ப்பு வேறு வகை. சட்டப் பேராசிரியை டோனா கோக்கர் நவாஹோ நாட்டில் ஆய்ந்து 1999-இல் எழுதினார். சமாதானப் பேச்சால் பெண்களுக்குக் கிடைக்கும் பொருளுதவியையும் உறவினர் துணையையும் அவர் உயர்வாகவே மதிப்பிட்டார். கூடவே இரண்டு அபாயங்களையும் சொன்னார். பயந்து கிடக்கும் பெண் தன் விருப்பத்தில்தான் அந்த அறைக்கு வந்தாளா என்பது ஒன்று. சமாதானம் பேசுபவர்களில் சிலர் தம்பதியைச் சேர்த்து வைப்பதிலேயே குறியாக இருப்பது மற்றொன்று. இரண்டாவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சேணத்தை வாசலில் வைத்தால் முடிந்தது என்றிருந்த மரபில், என்ன ஆனாலும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைப் பழமை என்று சொல்ல முடியாது.

கனடாவில் இந்த அபாயம் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 1992-இல் யூக்கான் பகுதியில் நீதிபதி பேரி ஸ்டூவர்ட் ஒரு வழக்கில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துத் தண்டனையைப் பேசி முடிவெடுத்தார். தண்டனை வட்டம் என்று அது புகழ்பெற்றது. மறு ஆண்டே வடக்கு கியூபெக்கில், மனைவியை அடித்த ஒரு இனுயிட் ஆணின் வழக்கில் அதே முறை பின்பற்றப்பட்டது. இனுயிட் பெண்கள் அமைப்பான பௌக்டூட்டிட் கவலை தெரிவித்தது. சின்னஞ்சிறு ஊர், ஊரே கூடியிருக்கிறது, கணவனின் ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அங்கே மனைவி எதை வாய்விட்டுச் சொல்வாள்? ஒரு நீதிபதி ஒரு மக்களிடம் தொடங்கியதை எல்லாப் பழங்குடிகளுக்கும் பொது மரபாக்கினால் வட்டம் மட்டும் வந்து சேரும், வட்டத்தைத் தாங்கிய உறவுக் கடன் வராது. மெட்டி இன அறிஞர் எம்மா லாரோக் போன்றவர்கள், பண்பாட்டுக்கு ஏற்றது என்ற முத்திரையே பாதிக்கப்பட்ட பெண்ணின் வாயை அடைக்கிறது என்று அதே ஆண்டுகளில் கடுமையாக எழுதினார்கள்.

மன்னிப்பா தண்டனையா என்று தத்துவ வகுப்புகளில் வாதிடுபவர்கள் இரண்டும் மேசைமேல் தயாராக இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். பூர்வகுடிப் பெண்ணுக்கு அப்படி இல்லை. நவாஹோ நாட்டின் பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். அதற்குச் சுமார் 200 காவலர்கள். பழங்குடி நீதிமன்றம் ஒரு குற்றத்துக்கு விதிக்கக்கூடிய சிறைத் தண்டனை 1968 சட்டப்படி ஆறு மாதம், 1986 முதல் ஓராண்டு, 2010 முதல் சில நிபந்தனைகளோடு மூன்றாண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் கூட்டரசு வழக்கறிஞர் மனம் வைக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2010-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2005 முதல் 2009 வரை பழங்குடிப் பகுதிகளிலிருந்து கூட்டரசு வழக்கறிஞர்களிடம் வந்த வழக்குகளில் பாதியை அவர்கள் எடுக்கவே இல்லை. பாலியல் குற்றங்களில் 67 சதவீதத்தை. 2016-இல் உச்ச நீதிமன்றம் வந்த பிரயன்ட் வழக்கில், குற்றவாளி மீது பழங்குடி நீதிமன்றத்தில் ஏற்கெனவே 100-க்கும் மேற்பட்ட தீர்ப்புகள் இருந்தன. அவற்றில் வீட்டு வன்முறையும் பல முறை. இந்த நிலையில் ஒரு பெண் சமாதான அறையைத் தேர்ந்தெடுத்தால் அது அவளுடைய சமய நம்பிக்கையா, வேறு வழியில்லாமையா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டும் கலந்திருக்கும். அவளுக்கே சொல்லத் தெரியாமலிருக்கலாம்.

மாறும் மங்கையின் கதை இங்கே உதவிக்கு வருகிறது. அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் அரக்கர்களை ஒவ்வொருவராகக் கொன்று முடிக்கிறார்கள். கடைசியில் முதுமை, குளிர், வறுமை, பசி ஆகியவை மட்டும் தங்களால் மனிதனுக்கு என்ன பயன் என்று வாதாடி உயிர் பிழைக்கின்றன. மனைவியை அடிக்கும் கைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததும் பிள்ளைகளின் தகப்பனான சூரியன் வந்து, மேற்கே என்னோடு வந்து குடித்தனம் நடத்து என்று அழைக்கிறான். அவள் உடனே கிளம்பிவிடவில்லை. மேற்குக் கடலில் தனக்கென ஒரு வீடு, சுற்றிலும் செடிகொடிகள், விலங்குகள், பேச்சுத் துணைக்கு ஆட்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். எதற்கு இவ்வளவு கேட்கிறாய் என்று அவன் சலித்துக்கொள்ளும்போது, சோல்ப்ராட் பதிப்பில் அவள் சொல்லும் பதில் புகழ்பெற்றது: நீ வானம், நான் மண், நீ மாறாதவன், நான் மாறிக்கொண்டே இருப்பவள், இத்தனை வேற்றுமை இருந்தாலும் மதிப்பில் நாம் சமம், அது இல்லாமல் இசைவு இல்லை என்ற கருத்தில் பேசுகிறாள். சூரியன் யோசிக்கிறான். ஒத்துக்கொள்கிறான். அவள் பிறகுதான் போகிறாள்.

ஆதி பெண் பசியால் இறங்கி வந்தாள். மாறும் மங்கை நிபந்தனை போட்டுவிட்டுப் போனாள். இரண்டும் ஒரே மரபு. நாட்டானி எந்தக் கதையை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கதியே மாறலாம்.

இன்னொரு சிக்கல் மிச்சமிருக்கிறது. உறவுதான் காவல் என்றால், அடிப்பவனுக்கு அங்கே உறவே இல்லாவிட்டால்? அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பூர்வகுடிப் பெண்களில் 84.3 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதாவதொரு வன்முறைக்கு ஆளானவர்கள்; 55.5 சதவீதம் பேர் கணவனிடமோ துணையிடமோ உடலில் அடிபட்டவர்கள். வன்முறைக்கு ஆளானவர்களில் 97 சதவீதம் பேருக்கு வேற்றினத்தவர் ஒருவராலாவது அது நேர்ந்திருக்கிறது. வேற்றினக் கணவனுக்கு நான்கு குலம் கிடையாது, மாடு ஓட்டிக் கொடுக்கச் சித்தப்பன் கிடையாது. 1978-இல் ஒலிஃபன்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், பூர்வகுடியல்லாதவர்மேல் பழங்குடி நீதிமன்றங்கள் குற்ற வழக்கு நடத்தவே முடியாது என்று வேறு தீர்ப்பளித்துவிட்டது. தென் யூட் மக்களைச் சேர்ந்த டயான் மில்லிச் பொதுமேடைகளில் சொன்ன அனுபவம் இதன் விளைவைக் காட்டும். வெள்ளைக் கணவன் அவரை நூறு முறைக்கு மேல் அடித்திருக்கிறான். பழங்குடிக் காவலர்களுக்கு அவன்மேல் அதிகாரம் இல்லை, மாவட்டக் காவலர்களுக்கு அந்த நிலத்தில் அதிகாரம் இல்லை. ஒருமுறை அடித்துவிட்டு, தன்னை ஒருவனும் ஒன்றும் செய்ய முடியாது என்று காட்டுவதற்காகவே அவன் தானே காவல்துறைக்குப் போன் செய்திருக்கிறான்.

நவாஹோ உச்ச நீதிமன்றம் 1999-இல் இந்தச் சிக்கலை வேறு ஒரு கோணத்தில் சந்தித்தது. ரசல் மீன்ஸ் லகோட்டா இனத்தவர். பூர்வகுடி உரிமை இயக்கத் தலைவர், திரைப்பட நடிகரும்கூட. நவாஹோ பெண்ணை மணந்து சின்லி ஊரில் வாழ்ந்தவர். மாமனாரை மிரட்டித் தாக்கியதாக அவர்மேல் 1997 சம்பவம் ஒன்றுக்கு வழக்கு. நான் நவாஹோ இல்லை, என்னை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார் மீன்ஸ். ராபர்ட் யாசி தலைமையிலான நீதிமன்றம் ரத்தத்தைப் பார்க்கவில்லை. நீர் எங்கள் ஹதானே, எங்கள் வீட்டு மருமகன் என்றது. பெண்ணெடுத்து இங்கே குடியிருந்தவர் குலத்தின் கடமைகளுக்கும் உட்பட்டவர். மருமகன் என்ற முறையே அதிகாரம் தருகிறது. 2005-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும், தன் காரணங்களோடு, நவாஹோக்களுக்கு அவரை விசாரிக்க உரிமை உண்டு என்றே சொன்னது.

அந்த வாதம் லகோட்டாக்காரரைப் பிடித்தது. வெள்ளை மருமகனை ஒலிஃபன்ட் தீர்ப்பு காப்பாற்றியது. 2013 மார்ச் 7-இல் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் புதிய வடிவில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டபோது டயான் மில்லிச் அந்த மேடையில் இருந்தார். வீட்டு வன்முறையில் மட்டும், பூர்வகுடியல்லாதவரையும் விசாரிக்கும் உரிமையை அந்தச் சட்டம் பழங்குடி நீதிமன்றங்களுக்குத் திரும்பத் தந்தது. ஆனால் எல்லோரையும் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நிலத்தில் குடியிருக்க வேண்டும், அல்லது அங்கே வேலை பார்க்க வேண்டும், அல்லது அந்த மக்களில் ஒருவருக்குக் கணவனாகவோ துணையாகவோ இருக்க வேண்டும் என்று வாஷிங்டன் நிபந்தனை வைத்தது. மருமகனா, இல்லையா என்பதைத்தான் அதுவும் கேட்டது.